கொழும்பு கசினோக்கள்: இலவசச் சாப்பாட்டின் உண்மை விலை

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் விடுமுறைக்கு வரும் மாதங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "கொழும்பில எந்தக் கசினோ நல்லது?" கேட்பவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டையும் வாகன வசதியையும் வைத்தே ஒப்பிடுகிறார்கள். ஆனால் பணத்தைத் தீர்மானிப்பது வேறு விடயங்கள். அவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நுழைவுக் கட்டணம்

இலங்கையில் கசினோ தொழில் 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்டது. 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கான சட்டமும் நிறைவேறியது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' கொழும்பில் திறக்கப்பட்டது. பலீஸ், பெலாஜியோ போன்றவை அதற்கு முன்பிருந்தே இயங்குகின்றன.

இலங்கைப் பிரஜை ஒருவர் கசினோவுக்குள் நுழைவதற்கான அரச அறவீடு 50 டொலராக இருந்து, 2025இல் 100 டொலராக உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 30,000 ரூபா. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வரும் அண்ணனுக்கு இந்த அறவீடு இல்லை; கூடப்போகும் தம்பிக்கு உண்டு. ஒரே மேசையில் இருந்தாலும் இருவருடைய கணக்கும் ஒன்றல்ல.

பிளாக்ஜாக் விதிகள்

பிளாக்ஜாக்கில் கசினோவின் சாதக வீதம் மேசையில் எழுதப்பட்டிருக்கும் விதிகளைப் பொறுத்து மாறும். உட்காருவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் எவ்வளவு தருகிறார்கள்? 3க்கு 2 என்றால் 1,000 ரூபா பந்தயத்துக்கு 1,500 ரூபா. 6க்கு 5 என்றால் 1,200 ரூபாதான். இந்த ஒரு மாற்றமே கசினோவின் சாதகத்தை ஏறத்தாழ 1.4 வீதத்தால் கூட்டும். 6க்கு 5 மேசையில் மற்ற விதிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை ஈடுசெய்யாது.

2. ஏஸ் சேர்ந்த 17இல் டீலர் நிற்கிறாரா, இன்னொரு சீட்டு எடுக்கிறாரா? எடுத்தால் உங்களுக்குச் சுமார் 0.2 வீதம் பாதகம்.

3. சோடியைப் பிரித்த பிறகும் பந்தயத்தை இரட்டிப்பாக்க விடுகிறார்களா? விட்டால் சுமார் 0.14 வீதம் உங்களுக்குச் சாதகம்.

4. டீலர் தன் இரண்டாவது சீட்டைக் கடைசியில்தான் எடுக்கிறாரா? அப்படியானால் நீங்கள் இரட்டிப்பாக்கிய பணத்தையும் அவருடைய பிளாக்ஜாக்குக்கு இழக்கக்கூடும். பாதகம் சுமார் 0.1 வீதம்.

டீலரிடம் ஏஸ் தெரியும்போது கேட்கப்படும் 'இன்சூரன்ஸ்' பந்தயத்தில் கசினோவின் சாதகம் சுமார் 7 வீதம். சோடி விழும் என்பது போன்ற பக்கப் பந்தயங்களும் பொதுவாக முதன்மை ஆட்டத்தைவிட மோசமானவை. இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

சலுகைகள்

மணிக்கு 60 ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபா, நான்கு மணித்தியாலம் என்று வைப்போம். மேசையில் சுழலும் தொகை 240,000 ரூபா. நல்ல விதியும் சரியான ஆட்ட முறையும் இருந்தால் கசினோவின் சாதகம் சுமார் 0.5 வீதம், சராசரி இழப்பு 1,200 ரூபா. 6க்கு 5 மேசையானால் இன்னும் 3,300 ரூபா அளவு கூடும். ஊகத்தில் ஆடுபவருக்கு இதைவிட அதிகம். இவை சராசரிகள், ஓர் இரவில் இதைவிடப் பல மடங்கு போகவும் கூடும்.

சலுகைகளும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. நீங்கள் எவ்வளவு பந்தயம் கட்டுகிறீர்கள், எத்தனை மணித்தியாலம் இருக்கிறீர்கள் என்று பார்த்து, எதிர்பார்க்கும் இழப்பின் ஒரு பங்கைச் சாப்பாடாகவும் குடிவகையாகவும் அறையாகவும் திருப்பித் தருகிறார்கள். உள்ளூர்வாசி செலுத்தும் 30,000 ரூபா மேலே சொன்ன 1,200 ரூபாவைப் போல 25 மடங்கு. எந்த 'பஃபே'யும் அதை ஈடுசெய்யாது. நுழைவுக் கட்டணத்தை யாராவது உங்களுக்காகக் கட்ட முன்வந்தால், அதைவிடக் கூடுதலாக நீங்கள் இழப்பீர்கள் என்று அவர் எதிர்பார்க்கிறார்.

வசதி

இரவு முழுவதும் திறந்திருப்பது, வீடுவரை வாகனம், கையெட்டும் தூரத்தில் பணம் எடுக்கும் இயந்திரம்: இவை எல்லாம் எழும்பிப் போகும் நேரத்தைப் பிந்தவைப்பவை. சீட்டுகளைத் தானே கலைக்கும் இயந்திரம் ஆட்டத்தை வேகமாக்கும். மணிக்கு 60 ஆட்டம் 80 ஆனால் இழப்பும் மூன்றிலொரு பங்கு கூடும். யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ போனவருக்கு இரவு பஸ்ஸைத் தவறவிட்டால் விடியும்வரை உள்ளே இருப்பதுதான் இலகுவாகத் தெரியும்.

குடும்பத்துக்கு

சிங்கப்பூரிலும் பிரஜைகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டொலர். அத்தோடு, பாதிக்கப்படும் குடும்பத்தினர் விண்ணப்பித்து ஒருவரைக் கசினோவுக்குள் போகவிடாமல் தடுக்கவும் அங்கே வழி உண்டு. கட்டணம் மட்டும் ஒருவரைத் தடுக்காது என்பதை அந்த நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீடுகளில் கையிருப்பு என்பது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த காசு, காணி விற்ற காசு, அல்லது நுண்கடன். காணாமல் போனவருக்காகக் காத்திருக்கும் வீட்டில் அது ஒரேயொரு இருப்பாகவும் இருக்கலாம். ஆகவே ஒப்பிடும்போது இந்த ஒழுங்கில் பாருங்கள்: முதலில் நுழைவுக் கட்டணம், அடுத்து 3க்கு 2ஆ என்பது, பிறகு மற்ற விதிகள், சாப்பாடு கடைசியில். இழந்தால் வீட்டில் சொல்ல முடியாத தொகை என்றால், எந்தக் கசினோவும் நல்லதல்ல.