தியாகராய நகர்: குடியிருப்பு கடைவீதியான வரலாறு

கல்யாணப் பட்டெடுக்க அண்ணனூர், ஆவடிக் குடும்பங்களும் நாடிச் செல்லும் தியாகராய நகர், 1920களில் மாம்பலத்து ஏரி தூர்க்கப்பட்ட நிலத்தில், பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு குடியிருப்புக்கென்றே வகுக்கப்பட்டதாகும். வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் கடைகள் எழுந்தபோது, வரைபடத்தில் வாகன நிறுத்துமிடமாகக் காட்டப்பட்ட கீழ்த்தளம் பல கட்டடங்களில் சரக்குக் கிடங்காக மாறியதால், வாடிக்கையாளர்களின் வண்டிகள் குடியிருப்போரின் வாசலை அடைத்தன. இத்தகைய விதிமீறல்கள் பின்னர் நீதிமன்றம் வரை சென்றன.

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-அ பிரிவின்கீழ், 28.2.1999க்கு முன் எழுந்த விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் பெற்று ஏற்கும் 'வரன்முறைப்படுத்தல்' திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2000இல் ஒருமுறைச் சலுகையாக ஒப்புக்கொண்டது. சலுகையோ மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் செல்லாதவை என்றது. விதிமீறல் கட்டடங்கள் மீதான நடவடிக்கை தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவை எட்டியதும், வணிகர்களின் பிழைப்பைக் காரணம் காட்டி அதைத் தடுக்க அரசு 2007இல் அவசரச் சட்டம் பிறப்பித்தது. குடியிருப்போரின் நிம்மதிக்கு அத்தகைய அவசரம் எக்காலத்திலும் காட்டப்பட்டதில்லை. 2008 செப்டம்பரில் அதே தெருவின் பலமாடிக் கடையொன்றில் தீப்பற்றி ஊழியர் இருவர் இறந்தபோது, தீயணைப்பு வண்டிகள் நெரிசலான அத்தெருவுக்குள் நுழையவே திணறின.