விடுதியின் பெயரைச் சொல்லாதவர்கள்

தூத்துக்குடியில் முன்னாள் மாணவர் சந்திப்புக்குக் குறைவில்லை. 1948இல் தொடங்கிய புனித மரியன்னை கல்லூரி, 1951இல் தொடங்கிய வ.உ.சி. கல்லூரி, 1966இல் வந்த காமராஜ் கல்லூரி என்று இந்த ஊரில் மூன்று தலைமுறைகள் பட்டம் வாங்கியிருக்கின்றன. இப்போது 'நாக்' மதிப்பீட்டின் ஐந்தாம் அளவுகோலில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கு மதிப்பெண் உண்டு. அதனால் நாடெங்கும் கல்லூரிகள் பழைய மாணவர்களைத் தேடிப்பிடித்து அழைக்கின்றன. குரூப் போட்டோ, பிரியாணி, கட்டட நிதி.

அந்த குரூப் போட்டோவில் நிற்கும் நம்மவர்களில் பலர் கல்லூரியில் இருந்தது பகலில் ஐந்து மணி நேரம்தான். மீதி நேரம் முழுக்க அவர்கள் வாழ்ந்தது ஆதிதிராவிடர் நல விடுதியில். அங்கேதான் சாப்பிட்டார்கள், அங்கேதான் சட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போனார்கள், முதல் அரசியல் சண்டையும் அங்கேதான். அந்த விடுதிக்கு முன்னாள் மாணவர் சங்கம் உண்டா? நாங்கள் விசாரித்த இடங்களில் எங்கேயும் இல்லை. விடுதிக்கு 'நாக்' கிடையாது, ஆகவே யாரும் கூப்பிடுவதில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மைக் காரணம் அதுவல்ல. கல்லூரியின் பெயரைச் சொன்னால் படிப்பு தெரியும். விடுதியின் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும்.

இந்தக் கரையில் சங்கம் சேர்ந்து படிக்க வைப்பது புதிய விஷயம் அல்ல. கோயிலுக்குள் விடமாட்டோம் என்று 19ஆம் நூற்றாண்டில் தடுக்கப்பட்ட நாடார்கள் என்ன செய்தார்கள்? கடைக்கு வந்த ஒவ்வொரு மூட்டைச் சரக்குக்கும் 'மகமை' என்று ஒரு சிறு தொகையை எடுத்து வைத்தார்கள். அந்தக் காசில் 1889இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் உருவானது. படித்துப் போனவன் திரும்ப வந்து மகமை கொடுப்பது அங்கே கடமை, பெருமையும்கூட. சாதிச் சங்கத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை; அந்தச் சங்கங்கள் பின்னாளில் எங்கே போய் நின்றன என்பது வேறு கதை. பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே கேள்வி. அவர்களுக்குக் கடை இருந்தது. நமக்குக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் வேலை இருந்தது. தூக்கும் மூட்டையில் மகமை எடுக்க முடியாது.

ஆகவே நமக்கான விடுதிகள் வேறு வழியில் வந்தன. கோலாப்பூரில் சாகு மகாராஜா 1908இல் தீண்டப்படாத மாணவர்களுக்காக மிஸ் கிளார்க் விடுதியைத் திறந்தார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக்கழகத்தைத் தொடங்கினார். அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1924இல் பிறந்தது. அடுத்த ஆண்டே சோலாப்பூரில் அது விடுதி திறந்தது. கவனியுங்கள் தோழர்களே: கட்சிக்கு முன்பே, மகாடுக்கு முன்பே, விடுதி. சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலன் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் வேர் அதில் இருக்கிறது. பிறகு, 1944இல் பட்டியல் சாதியினருக்கு உயர்கல்வி உதவித்தொகை வந்தது.

விடுதி வெறும் சோற்றுக்கூடமாக இருந்ததில்லை. பம்பாய் வடாலாவில் உள்ள சித்தார்த் விகார் விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் தலித் சிறுத்தைகள் இயக்கம் உருவானபோது அதன் விவாதங்கள் பலவும் அந்த அறைகளில்தான் நடந்தன. ராஜா தாலே அங்கே தங்கியவர்.

தூத்துக்குடிக்கு வருவோம். முத்துக்குளிப்பு 1961 அளவில் ஓய்ந்தது. 1974இல் இது பெருந்துறைமுகம் ஆனது. அதே பத்தாண்டில் கனநீர் ஆலையும் அனல் மின்நிலையமும் வந்தன. மத்திய, மாநில அரசு வேலை என்றால் இடஒதுக்கீடு உண்டு. ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களிலிருந்து விடுதியில் தங்கிப் பட்டம் வாங்கிய முதல் ஆட்கள் இந்த வேலைகளில் போய் உட்கார்ந்தார்கள். மாதச் சம்பளம். நம் வரலாற்றில் அது பெரிய திருப்பம், ஏனென்றால் மகமை எடுக்கக்கூடிய ஒரு வருமானம் நம் கைக்கு முதல்முறையாக வந்தது அப்போதுதான். இதைக் கூர்மையாகப் புரிந்துகொண்டவர் கன்ஷிராம். 1978 டிசம்பர் 6 அன்று டெல்லியில் பாம்செஃப் தொடங்கப்பட்டபோது அதன் அடிப்படையே இதுதான்: இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர் தன் பணத்தையும் நேரத்தையும் அறிவையும் வந்த இடத்துக்குத் திருப்பித் தரவேண்டும்.

நம் ஊரில் அது ஏன் வேர்பிடிக்கவில்லை? சுயநலம் என்று ஒரே சொல்லில் அடித்துவிடுவது எளிது. நாமும் மேடைகளில் அப்படிப் பேசியிருக்கிறோம். 1995 ஆகஸ்ட் 31ஐ நினைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு கொஞ்சம் கூசுகிறது. அன்று கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸார் புகுந்தார்கள். வளைகுடா பணமும் படிப்பும் வந்து சற்று நிமிர்ந்திருந்த ஊர் அது. டி.வி., மின்விசிறி, தையல் இயந்திரம் எல்லாம் உடைந்தன. கிணற்றில் நஞ்சு கலக்கப்பட்டது. பாஸ்போர்ட்டுகளும் கல்விச் சான்றிதழ்களும் தீயில் போயின என்று பிறகு வந்த உண்மையறியும் அறிக்கைகள் பதிவு செய்தன. அடித்தவர்களுக்கு எதை அடிக்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அலுவலகத்தில் "எந்த ஊரு?" என்று கேட்டால் பக்கத்து டவுனின் பெயரைச் சொன்னவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். ஊரையே மறைத்தவர்கள் விடுதியையா சொல்லப் போகிறார்கள்?

பெயர் என்பது இந்த மாவட்டத்தில் எப்போதும் தீப்பிடிக்கும் பொருள். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும் தென்மாவட்டங்கள் எரிந்தன. முடிவில் எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டன. அதில் வ.உ. சிதம்பரனார் மாவட்டமும் வெறும் தூத்துக்குடி ஆனது. 2011இல் துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது.

இதே சிக்கலை வேறொரு கரையில் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1905-06இல் கறுப்பின மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். வெள்ளை மாணவர்களின் சகோதரச் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. முந்தைய ஆண்டு சேர்ந்த ஆறு கறுப்பின மாணவர்கள் படிப்பைத் தொடரத் திரும்பி வரவே இல்லை. மிச்சமிருந்தவர்கள் முதலில் ஒரு படிப்பு வட்டமாகக் கூடினார்கள். 1906 டிசம்பர் 4 அன்று ஏழு பேர் சேர்ந்து ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற சங்கத்தை அமைத்தார்கள். 1911லேயே படித்து முடித்தவர்களுக்கென்று லூயிவில் நகரில் தனிக் கிளை வந்துவிட்டது. சேர்ந்தால் ஆயுள் முழுக்க உறுப்பினர்; கல்லூரியை விட்டுப் போகலாம், சங்கத்தை விட்டுப் போக முடியாது. அம்பேத்கர் 1946இல் கடிதம் எழுதிய டு பாய்ஸ், பள்ளிகளில் நிறப் பிரிவினையை நீதிமன்றத்தில் உடைத்த தர்குட் மார்ஷல், மார்ட்டின் லூதர் கிங் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். வாஷிங்டனில் 2011இல் திறக்கப்பட்ட கிங் நினைவிடத்தை முன்னெடுத்ததும் இந்தச் சங்கம்தான்.

அதிலும் கோளாறு உண்டு. இப்படிப்பட்ட சங்கங்கள் அந்தஸ்தைக் காட்டிக்கொள்ளும் கிளப்புகளாகச் சுருங்குகின்றன என்று கறுப்பினச் சமூகவியலாளர் ஃபிரேசியர் 1957லேயே கடுமையாக எழுதினார். புதிதாகச் சேருபவனை அடித்துத் துன்புறுத்தும் வழக்கமும் அங்கே இருந்தது. அதையெல்லாம் நாம் இறக்குமதி செய்ய வேண்டாம். ஆனால் ஒன்று: அவர்களால் நிறத்தை மறைக்க முடியாது. மறைக்க முடியாததைச் சின்னமாகச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். நம்மால் மறைக்க முடியும், டவுனில் வாடகை வீடு கிடைக்க வேண்டும் என்றால் மறைத்தே தீரவேண்டிய நிலையும் இருக்கிறது. நம் முன்னாள் மாணவர் காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

2025 ஜூலையில் தமிழக அரசு தன் மாணவர் விடுதிகள் அனைத்தையும் இனி 'சமூகநீதி விடுதி' என்று அழைக்கும் என அறிவித்தது. பலகை மாறியது நல்லதுதான். பலகையில் இருந்து சாதி போனால் பழைய மாணவர்கள் வருவார்களா என்று சோதித்துப் பார்க்க நாங்கள் நினைத்தோம். எங்கள் வட்டத்தில் ஐந்து பேர் விடுதியில் படித்தவர்கள். ஆளுக்குப் பத்துப் பேருக்குப் போன் செய்தோம். "கண்டிப்பா வாரேன் தம்பி" என்று பலர் சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் ஹார்பரில் கிளார்க்காகச் சேர்ந்து பணி ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டு குவார்ட்டர்ஸில் இருந்தவரை, "எங்கே தங்கிப் படிச்சீங்க?" என்று கேட்டவர்களிடம் மாமா வீட்டில் என்றே சொல்லி வந்திருக்கிறார். அவருக்குத் தூத்துக்குடியில் மாமாவே கிடையாது.

மாணவர்கள் அவரிடம் வாழ்த்துரை கேட்கவில்லை. "ஐயா, ஹார்பர்ல அப்ரண்டிஸ் எப்படி எடுக்காங்க?" என்று ஒருவன் கேட்டான். உதவித்தொகை விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கோடு ஆதார் இணையவில்லை, யாரைப் பார்ப்பது என்று இன்னொருவன் கேட்டான். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு நேர்காணலில் என்ன சட்டை போடுவது என்பதே சந்தேகம். இரண்டு மணி நேரம் அவர் எழுந்திருக்கவில்லை. போகும்போது பன்னிரண்டு பேரின் எண்களைத் தன் பழைய டைரியில் எழுதிக்கொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறு வருவதாகச் சொன்னார். இதுவரை மூன்று முறை வந்துவிட்டார்.

பேருந்து நிறுத்தம் வரை கூட நடந்தபோது, "வீட்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"காலேஜ் பிரெண்டப் பாக்கப் போறேன்னு."