குழந்தைக் கஞ்சிக்கு முளைக்குரக்கன் மா

பொருளாதாரத் தடைக் காலத்தில் கோதுமை மா கிடைக்காதபோது எங்கள் வீடுகள் பல குரக்கனையும் ஒடியலையும் நம்பியிருந்தன. அதே குரக்கனை முளைக்க வைத்து அரைத்தால் 6 மாதம் நிறைந்த பிள்ளைக்கு நல்ல கஞ்சி மா கிடைக்கும்.

சாதாரண மாவில் காய்ச்சும் கஞ்சி விரைவில் தடித்துவிடும். பிள்ளை குடிக்கவேண்டுமென்று தாய் தண்ணீரைக் கூட்டுவார். வயிறு நிறையும், சத்துச் சேராது. தானியம் முளைக்கும்போது உண்டாகும் அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை உடைத்துவிடுவதால், மாவைக் கூடுதலாகப் போட்டாலும் கஞ்சி இளக்கமாகவே இருக்கும். இரும்பு, நாகச் சத்துகளை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் பைற்றிக் அமிலமும் முளைப்பில் குறையும். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. வெள்ளைப் பச்சையரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான்.

முதலில் ஒரு கிலோ போதும். கல், மண் போக அரித்துக் கழுவி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். தண்ணீரை வடித்துத் துப்புரவான பருத்தித் துணியில் கட்டி, காலையும் மாலையும் நீர் தெளியுங்கள். ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முனை எட்டிப்பார்க்கும். அவ்வளவே போதும், முளை நீள விடவேண்டாம். புளித்த நாற்றமோ பூஞ்சணமோ கண்டால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். கழுவி எடுத்துப் பாவிக்கலாம் என்று நினைக்கக்கூடாது, பூஞ்சண நஞ்சு காய்ச்சினாலும் போகாது.

காயவைப்பதில்தான் கவனம் வேண்டும். நல்ல வெயிலில், துணி விரித்த பாயில் மெல்லியதாகப் பரப்புங்கள். கடித்தால் 'நொறுக்'கென்று உடையவேண்டும். மாரி காலத்தில் இந்த வேலையே வேண்டாம். காய்ந்ததைக் கையால் தேய்த்துச் சுளகில் புடைத்தால் முளை பறந்துவிடும். இளஞ்சூட்டில் மட்டும் வறுத்து மில்லில் அரையுங்கள். கருக வறுத்தால் நொதியம் செத்துவிடும். காற்றுப்புகாத போத்தலில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. கஞ்சியை எப்போதும் நன்கு கொதிக்க வைத்தே கொடுங்கள்.

இந்த மாவில் தனியாகப் புட்டு அவித்தால் களியாகிவிடும். வறுத்த அரிசிமாவோடு கலக்கவேண்டும். பயறையும் இதேபோல் முளைக்க வைத்துச் சேர்க்கலாம். இறுங்கை மட்டும் தவிருங்கள்: அதன் முளையில் சயனைட்டை வெளிவிடும் பொருள் இருக்கிறது. விதைப்புக்கென மருந்து கலந்து விற்கும் தானியம் எதையும் சமையலுக்கு எடுக்கவே கூடாது.