இரைப்பைப் பட்டையின் அளவும் நிரப்பு அளவும்: கொங்கு நாட்டுத் தொடர் கவனிப்பை முன்வைத்து ஒரு வாதம்

எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "இரைப்பைப் பட்டை, நிரப்பு 3 மி.லி." என்று மட்டும் எழுதியிருந்தால், அதைக் கையில் வாங்கும் அடுத்த மருத்துவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. 4 மி.லி. கொள்ளும் பட்டையில் அது முக்கால் பங்கு. 14 மி.லி. கொள்ளும் பட்டையில் கால் பங்குகூட இல்லை. முதல் வகைப் பட்டை உள்ளவருக்கு இட்லி இறங்குவதே பெரும்பாடாக இருக்கலாம். இரண்டாம் வகைக்காரருக்குப் பட்டை இருப்பதே தெரியாமல் போகலாம். ஆனாலும் நோயாளிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது "உங்களுக்கு எத்தனை மி.லி.?" என்பதைத்தான். மருத்துவர்களும் பல நேரம் அந்த எண்ணை மருந்தின் டோஸ் போலவே எழுதி வைக்கிறார்கள். பட்டையின் வகை, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு, அறுவைக்குப் பின் கழிந்த காலம், உண்ணும் உணவு ஆகிய நான்கோடும் சேர்த்துப் படிக்கும்போதே நிரப்பு அளவுக்குப் பொருள் உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம். அப்படிப் படிக்க ஆள் இல்லாத இடத்தில் பட்டை வேலை செய்யாது என்பது அதன் தொடர்ச்சி.

முதலில் கருவி. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பூட்டப்படும் சிலிக்கோன் வளையம் அது. வளையத்தின் உட்புறம் சைக்கிள் ட்யூப் போல உப்பக்கூடியது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கிளம்பி, வயிற்றுத் தசையுறையின்மேல் தைத்து வைத்த போர்ட்டில் முடிகிறது. தோலுக்கு மேலிருந்து, போர்ட்டைப் பழுதாக்காத ஹ்யூபர் ஊசியால் அதைக் குத்தி சலைன் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். பட்டைக்கு மேலே 15 முதல் 25 மி.லி. வரை கொள்ளும் சிறு பை உருவாகிறது. சுவீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் குழு 1985 வாக்கிலும், அமெரிக்காவில் லுபோமிர் குஸ்மாக் 1986இலும் இத்தகைய பட்டையைப் பொருத்தினார்கள். 1993இல் பெல்ஜியத்தில் மிட்டிகு பெலாச்சு அதை லேப்ராஸ்கோப்பி வழியாகப் பொருத்திக் காட்டினார். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2001இல் அனுமதி அளித்தது.

அளவுகளில்தான் குழப்பம் தொடங்குகிறது. லேப்-பேண்ட் என்ற பிராண்டின் பழைய வகைகள் 9.75, 10, 11 என்று குறிக்கப்பட்டன. இவை வளையத்தின் உட்சுற்றளவு, சென்டிமீட்டரில். 9.75க்கும் 10க்கும் உச்ச நிரப்பு 4 மி.லி.; 11க்கு 10 மி.லி. பின்னர் வந்த ஏ.பி. வரிசையில் சிறியதும் பெரியதுமாக இரண்டு வகைகள்: சிறியது 10 மி.லி., பெரியது 14 மி.லி. சுவீடன் வழியில் வந்த ரியலைஸ் பட்டை 9 மி.லி.; அதன் அடுத்த வடிவம் 11 மி.லி. ஆக, "பத்து பேண்ட்" என்று நோயாளி சொன்னால் அது 10 செ.மீ. சுற்றளவும் 4 மி.லி. கொள்ளளவும் உள்ள பட்டையாக இருக்கலாம், 10 மி.லி. கொள்ளும் ஏ.பி. சிறிய பட்டையாகவும் இருக்கலாம். பின்னது என்று எண்ணி முன்னதில் 6 மி.லி. ஏற்ற முயன்றால் விளைவு என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை. பழைய பட்டைகள் சிறு கொள்ளளவும் உயர் அழுத்தமும் கொண்டவை, அரை மி.லி. கூடினாலே உடலுக்குத் தெரியும். புதியவை அகன்ற பரப்பில் குறைந்த அழுத்தத்தில் இறுக்குபவை. ஒன்றின் மி.லி.யை மற்றொன்றின் மி.லி.யோடு ஒப்பிடும் பழக்கத்தை மருத்துவர்கள் அடியோடு விட வேண்டும்.

எந்த அளவுப் பட்டை என்பதை எடைத் தராசு தீர்மானிப்பதில்லை. வளையத்துக்குள் இரைப்பைச் சுவரோடு அதை ஒட்டிய கொழுப்பும் சேர்ந்து அடங்கியாக வேண்டும். உள்கொழுப்பு மிகுந்தவருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, பெரிய பட்டை வேண்டிவருவது அதனால்தான். இந்தியர் உடலில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட்டில் தங்கள் படங்களையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பி.எம்.ஐ.யை மட்டும் பார்த்து "இவருக்குச் சிறிய பட்டை போதும்" என்று முடிவு செய்வது நம் உடலமைப்பைக் கணக்கில் எடுக்காத முடிவு. அறுவை மேசையில் கொழுப்பைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

அந்தக் கொழுப்பு அப்படியே இருப்பதுமில்லை. எடை குறையக் குறைய வளையத்துக்குள் அகப்பட்ட கொழுப்பும் கரைகிறது. ஒரு சொட்டு சலைன் கசியாமலே பட்டை தளர்ந்துவிடுகிறது. நோயாளி "திரும்பவும் பசிக்கிறது" என்று வந்தால் அவருடைய மன உறுதி குலைந்துவிட்டதாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது கருவியின் இயல்பு. இதற்காகவே அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஆறு வாரத்தில் முதல் நிரப்பும், பிறகு சிறிது சிறிதாகப் பல நிரப்புகளும் திட்டமிடப்படுகின்றன. மெல்போர்னைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று உணவுக்குழாய்க்குள் அழுத்தத்தை அளந்து, பட்டை இருக்கும் இடத்தில் 25 முதல் 30 மி.மீ. பாதரச அளவு பொருத்தமானது என்று கண்டது. புறநோயாளிப் பிரிவில் அந்த அளவீடு நடைமுறைக்கு ஒத்துவராது. அங்கே மருத்துவரின் கருவி கேள்விதான்: ஒரு வேளைக்கு எவ்வளவு போதுகிறது, அடுத்த வேளைக்குள் பசிக்கிறதா, எது இறங்கவில்லை, படுத்தால் எதிர்க்களிக்கிறதா, இரவில் இருமல் வருகிறதா. கடைசி இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் பட்டை அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. மி.லி. கணக்கு குறைவாகத் தெரிந்தாலும் சலைனை எடுக்கத்தான் வேண்டும். விடியற்காலையில் பலருக்குப் பட்டை இறுக்கமாகவும் மாலையில் தளர்வாகவும் இருக்கும். கருவுற்ற பெண்ணுக்கு வாந்தியும் ஊட்டத் தேவையும் பார்த்துப் பெரும்பாலும் தளர்த்திவிடுவார்கள்.

இந்தக் கேள்விகளை நம் வட்டாரச் சாப்பாட்டின் பெயர்களைச் சொல்லிக் கேட்க வேண்டும். மேலைநாட்டுக் கையேடுகள் ரொட்டி, ஸ்டேக் என்று எச்சரிக்கின்றன. கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்க்காரருக்கு அவற்றால் பயனில்லை. குழைந்த சோறு உருண்டையாகத் திரண்டு பட்டையில் சிக்கும். சந்தகை மெல்லப்படாமல் நீளமாக இறங்கினால் அடைக்கும். பள்ளிபாளையம் சிக்கனில் நார்க்கறியும் தேங்காய்ச் சில்லும் சேர்ந்தே வருகின்றன. அரிசியும் பருப்பும் சாதம் நெய் விட்டுக் குழைவாக இருந்தாலும் வாய்க்கு வாய் மென்று, இடைவெளி விட்டு உண்டால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். அடைப்பதைவிடப் பெரிய சிக்கல் அடைக்காதவற்றில் இருக்கிறது. கம்மங்கூழ், ராகிக் கஞ்சி, சர்க்கரை போட்ட காப்பி, பாதாம் பால், பாயசம் எல்லாம் எவ்வளவு இறுக்கிய பட்டையையும் தடையின்றிக் கடந்துவிடும். இறுக்கம் கூடக் கூட நோயாளி திடஉணவை விட்டு நீர்ம உணவுக்கு மாறுகிறார், எடை குறைய மறுக்கிறது, அதைக் கண்டு இன்னும் அரை மி.லி. ஏற்றுகிறார்கள். இது தவறான திசை. அங்கே சலைனைக் குறைத்து, கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, முட்டை என்று புரதமுள்ள திடஉணவுக்கு அவரைத் திருப்புவதே சிகிச்சை. நிரப்பும் ஊசி மருத்துவர் கையில் இருந்தாலும், அதை எப்போது எடுப்பது என்று சொல்லத் தகுந்தவர் அந்த வீட்டுச் சமையலை அறிந்த டயட்டீஷியன் என்பது என் உறுதியான கருத்து.

பட்டையை ஆதரிப்போர் வலுவான சான்றுகளை முன்வைக்கிறார்கள், அவற்றை ஒதுக்கிவிட முடியாது. 2008இல் ஜான் டிக்சன் குழு சர்க்கரை நோயுள்ள 60 பேரை வைத்துச் செய்த சோதனையில், பட்டை பொருத்தியவர்களில் 73 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 13 விழுக்காட்டினருக்கே தணிந்தது. பால் ஓப்ரையன் 15 ஆண்டுக்குப் பிறகும் மிகை எடையில் ஏறத்தாழ 47 விழுக்காடு குறைந்தே இருந்ததாக 2013இல் எழுதினார். இரண்டும் மெல்போர்னிலிருந்து வந்தவை. நிரப்புக்கும் ஆலோசனைக்கும் ஓயாமல் நோயாளியை அழைத்துப் பார்க்கும் திட்டம் அங்கே இருந்தது. மறுபுறம், பிரஸ்ஸல்ஸில் ஜாக் ஹிம்பென்ஸ் குழு 12 ஆண்டும் அதற்கு மேலும் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேரிடமிருந்து பட்டை அகற்றப்பட்டிருந்தது. 28 விழுக்காட்டினருக்கு அது இரைப்பைச் சுவரை அரித்திருந்தது. இரு முடிவுகளுக்கும் இடையிலான தூரத்தை அறுவை நுட்பமும் பட்டையின் தலைமுறையும் ஓரளவு விளக்கும். மீதியைத் தொடர் கவனிப்பு விளக்குகிறது என்றே நான் வாசிக்கிறேன். உலக அளவில் எடைக் குறைப்பு அறுவைகளில் பட்டையின் பங்கு 2008இல் 42.3 விழுக்காடு, 2013இல் 10 விழுக்காடு. அதே காலத்தில், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் ஸ்லீவ் அறுவை 5.3இலிருந்து 37க்கு ஏறியது.

இந்தியாவிலும் ஸ்லீவே முதலிடம் பிடித்தது. கோவைக்கு அறுவைத் திறனில் குறை இருந்ததில்லை. 1990களிலிருந்து அறுவை மருத்துவர் சி. பழனிவேலு லேப்ராஸ்கோப்பியை இங்கே வேரூன்றச் செய்தார். கோவை ராமநாதபுரத்தில் உள்ள அவருடைய ஜெம் மருத்துவமனைக்குக் கொங்கு நாடு மட்டுமின்றிக் கேரளமும் வந்து போகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ அரை மி.லி. சலைனுக்காக ஒருவர் கோவைக்கு வர வேண்டும். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அது ஒரு நாள் கூலி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த வரையறைப்படி பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், கட்டுப்படாத சர்க்கரை, கடும் தூக்க மூச்சுத்திணறல் போன்ற துணைநோய்களோடு 35 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், மற்ற வழிகள் பலிக்காதபோது அறுவைக்குக் காப்பீடு கிடைக்க வழி உண்டு. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் அறுவைக்குப் பிந்தைய செலவை 60 அல்லது 90 நாள்வரைதான் ஏற்கின்றன. பட்டைக்கு அந்தக் காலத்தில் ஓரிரு நிரப்புகளே முடியும். உழைப்பின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அறுவைக்குப் பின் நிரப்பே தேவைப்படாத ஸ்லீவை நோக்கி மருத்துவரும் நோயாளியும் சாய்ந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சூழலில் அது நியாயமான தேர்வு. தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல் உள்ளோர் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4. இவர்களில் அறுவைக்கு வருவோருக்கான தொடர் கவனிப்பு மாவட்ட, தாலுக்கா அளவில் இல்லை என்றால், ஸ்லீவ் செய்தவர்களின் வைட்டமின் குறைபாடும் கண்ணில் படாமல்தான் போகும்.

பட்டை வழக்கொழிந்துவிட்டது, இனி இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். வயிற்றுக்குள் ஏற்கெனவே இருக்கும் பட்டைகள் வழக்கொழியவில்லை. முன்பே இங்கே பொருத்திக்கொண்டவர்கள், வெளிநாட்டில் வேலை பார்த்தபோது அங்கே பொருத்திக்கொண்டு ஊர் திரும்புபவர்கள் என்று இவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். லேப்-பேண்டின் உரிமை இனமெடிடமிருந்து 2006இல் அலர்கனுக்கும், 2013இல் அப்போலோ எண்டோசர்ஜரிக்கும், 2018இல் ரீஷேப்புக்கும் கைமாறியது. ரியலைஸ் விற்பனையே நின்றுவிட்டது. கம்பெனிப் பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கும் நோயாளி எந்தக் கொள்ளளவுப் பட்டையைச் சுமக்கிறார் என்று ஊகிப்பது கடினம். அப்போது செய்யக்கூடியது ஒன்றே: போர்ட்டிலிருந்து சலைன் முழுவதையும் எடுத்து அளந்து, சுழியத்திலிருந்து புதிய கணக்கைத் தொடங்குவது.

அவசர நிலையில் இந்த அறியாமை உயிருக்கே உலை வைக்கும். பட்டைக்காரர் தண்ணீர்கூட இறங்காமல் வாந்தியும் வயிற்று வலியுமாகப் பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு வந்தால், பட்டை நழுவியிருக்கலாம் என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் முதுகெலும்போடு பட்டை 4 முதல் 58 பாகைக்குள் சாய்ந்திருப்பது இயல்பு, மீறினால் நழுவல். உடனே சலைன் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். ஹ்யூபர் ஊசி இல்லையென்றால் சாதாரண மெல்லிய ஊசியே போதும், போர்ட் பழுதானால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சலைனை எடுத்தும் வலி தீரவில்லையென்றால் நேரம் கடத்தாமல் அறுவை வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இன்னோர் ஆபத்து நம் ஊர்ப் பழக்கத்தில் ஒளிந்திருக்கிறது. சோர்ந்து வருபவருக்கு முதலில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது இங்கே வழக்கம். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவரின் உடலில் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்திருக்கும், ஏனெனில் உடலின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கே தாங்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் வெர்னிக்கே மூளைக்கோளாறு தூண்டப்படலாம்: தடுமாறும் நடை, குழம்பும் நினைவு, நிலைகுத்தும் கண். தயமின் ஊசி விலை மலிவு, பி-காம்ப்ளெக்ஸ் ஊசிகளிலும் அது உண்டு. பாட்டிலைத் தொங்கவிடுவதற்கு முன் அதைப் போட வேண்டும் என்ற ஒரு வரி பட்டைக்காரர் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் இருக்க வேண்டும்.

பட்டையின் பெட்டியோடு வகை, அளவு, வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வருகின்றன. ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறார்கள். இன்னொன்றை நோயாளியின் அட்டையில் ஒட்டி, கீழே ஒவ்வொரு நிரப்பின் தேதியையும், ஏற்றுமுன் போர்ட்டிலிருந்து எடுத்த அளவையும், ஏற்றிய பின் மொத்தத்தையும், அன்றைக்கு எந்த உணவு இறங்கியது, எது நின்றது என்பதையும் எழுதினால், காங்கேயத்திலோ கோபியிலோ உள்ள டூட்டி டாக்டர் முன்பின் பார்த்திராத பட்டையைத் துணிந்து கையாள முடியும்.