வேகத்தைக் கூட்டினால் கணக்குப் பிழைக்குமா?

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகளுக்கு கம்பியூட்டர் வாங்கிக் கொடுத்த உம்மா வாப்பாமாரும் வாசியுங்கள்.

போன மாதம், உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கிண்ணியாவிலிருந்து தன் கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சேர், கேம் எல்லாம் நல்லா ஓடுது. புரொஜெக்ட்டை சிப் பண்ணி வச்ச ஃபைல் மட்டும் திறக்குதில்ல" என்றார். வைரஸ் என்று நினைத்திருக்கிறார். பயோஸைத் திறந்து பார்த்தேன். 3.8 கிகாஹேர்ட்ஸ் புரொசசரை 4.4க்கு ஏற்றி வைத்திருந்தார். ஓவர்குளொக்கிங் என்பது இதுதான். வீடியோ பார்த்துச் செய்தாராம்.

எங்கள் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் ஒரு தாளத்தில் சொற்களைச் சொல்கிறார். அடுத்த சொல் வருவதற்குள் பிள்ளை எழுதி முடிக்க வேண்டும். தாளத்தைக் கூட்டினால் வகுப்பு சீக்கிரம் முடியும்தான். ஆனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு பிள்ளை எழுத்தை விழுங்கும், நிறுத்தாமல் பிழையாகவே எழுதிக்கொண்டு போகும். புரொசசரும் அப்படித்தான். 4 கிகாஹேர்ட்ஸ் என்றால் ஒரு தாளத்துக்கு 0.25 நனோசெக்கன். அதற்குள் ஒளிகூட ஏழரை சென்ரிமீற்றர்தான் ஓடும்.

இந்தச் சிக்கல் கம்பியூட்டர் பிறந்த அன்றே பிறந்தது. 1944 ஏப்ரலில் நம்முடைய துறைமுகத்திலிருந்து பிரித்தானியரின் கிழக்குக் கடற்படை சபாங்கைத் தாக்கப் புறப்பட்டது. அதே வருஷத் தொடக்கத்தில்தான் இங்கிலாந்தின் பிளெச்லி பார்க்கில் ஜேர்மனியரின் இரகசியச் செய்திகளை உடைக்க 'கொலோசஸ்' ஓடத் தொடங்கியது. அதைக் கட்டியவர் தபால் திணைக்களப் பொறியியலாளர் டொமி ஃபிளவர்ஸ். செய்தி துளையிட்ட காகித நாடாவில் இருக்கும். நாடாவின் ஸ்புரொக்கெட் துளைகளே மெஷினுக்குத் தாளம். நாடா எவ்வளவு வேகம் தாங்கும் என்று ஃபிளவர்ஸ் ஏற்றிப் பார்த்தார். செக்கனுக்கு 9,700 எழுத்தில் நாடா சிதறியது. 9,000த்தில் ஓட்டலாமே என்று அவர் நினைக்கவில்லை. 5,000த்தில் நிறுத்தினார். இன்னொன்றும் செய்தார். வால்வுகள் பெரும்பாலும் போட்டு அணைக்கும்போதுதான் பழுதாகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் மெஷினை அணைக்காமலே வைத்தார்கள். அடிக்கடி கரண்ட் போய் வரும் ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிறகு வீட்டுக் கம்பியூட்டர் வந்தது. 1984இல் வந்த ஐபிஎம் ஏடி 6 மெகாஹேர்ட்ஸ். உள்ளே இருந்த கிறிஸ்டலைக் கழற்றி வேறு போட்டு ஆட்கள் அதை 8இல் ஓட்டினார்கள். 1998இல் இன்டெலின் செலரோன் 300ஏ வந்தபோது கிறிஸ்டலும் தேவைப்படவில்லை. பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால் 300 மெகாஹேர்ட்ஸ் 450 ஆகிவிடும். மலிவான சிப் பணக்காரச் சிப்போடு போட்டி போட்டது. அந்த ஆசை இன்னும் யாரையும் விடவில்லை.

கம்பனிகளையும் விடவில்லை. 2000ஆம் ஆண்டு ஏஎம்டியோடு நடந்த ஓட்டப்பந்தயத்தில் இன்டெல் 1.13 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3ஐ இறக்கியது. சாதாரண வேலைகளைச் செய்தது. லினக்ஸ் கேர்னலைக் கம்பைல் பண்ணச் சொன்னபோது விழுந்தது. தொமஸ் பாப்ஸ்ட் என்ற விமர்சகர் விடாமல் சுட்டிக்காட்ட, ஒரு மாதத்துக்குள் இன்டெல் அதைத் திரும்பப் பெற்றது. 2024இல் அதே இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சிப்கள் சிலவற்றில் வோல்டேஜ் அளவுக்கு மேல் போய் சிப்பே தேய்ந்தது. உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்ட வேண்டி வந்தது. அங்கேயும் முதல் அறிகுறிகளில் ஒன்று, சுருக்கிய ஃபைலை விரிக்கும்போது வந்த பிழைதான். கேமில் ஒரு புள்ளியின் நிறம் பிழைத்தால் யாருக்குத் தெரியும்? சிப் ஃபைலில் ஒரு பிட் மாறினாலே சோதனை எண் பொருந்தாது.

சரி, தம்பியின் மெஷினுக்கு வருவோம். முதலில் எல்லாவற்றையும் பயோஸில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். இதைச் செய்யாமல் நோய் தேடுவது வீண்வேலை. ரேமைத் தனியே மெம்டெஸ்டில் ஓட்டினேன், சுத்தம். பிறகு ஒவ்வொரு படியாக வேகத்தை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பிரைம்95 ஓட்டினோம். ஜோர்ஜ் வோல்ட்மன் 1996இல் பெரிய முதன்மை எண்களைத் தேடுவதற்காகத் தொடங்கிய முயற்சியின் மென்பொருள் அது. விடை முன்பே தெரிந்த கணக்கைக் கொடுத்துத் திருத்துகிறது. நாங்கள் விடைத்தாள் திருத்துவது போல.

4.2இல் இஷாவுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் பிழையில்லை. அடுத்த நாள் லுஹர் நேரம், கச்சான் காற்று அனலாய் அடிக்க, இருபதே நிமிடத்தில் பிழை. வெப்பம் ஏறினால் சிப் மந்தமாகும். தம்பி உடனே "வோல்டேஜைக் கூட்டுவமா சேர்?" என்றார். வோல்டேஜைப் பத்து வீதம் கூட்டினால் மின்வலு ஏறத்தாழ 21 வீதம் கூடும், அதுவும் வெப்பமாகத்தான் வரும். ஆகவே 4.0க்கு இறக்கினோம். மத்தியானத்திலேயே நாலு மணித்தியாலம் நின்றது.

பழைய ஃபைல் திறக்கவில்லை. அது சுருக்கும்போதே பிழையாக எழுதப்பட்டுவிட்டது, எந்தக் கடையாலும் மீட்க முடியாது. மூன்று மாத வேலை. தம்பி வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பியிருந்த பாதிப் பிரதியை வைத்து மீண்டும் தட்டச்சு செய்கிறார்.

இப்படி ஏற்றி வைத்த மெஷின் வீட்டில் இருந்தால் சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு கொண்டு வாருங்கள். பெட்டி மட்டும் போதும், மொனிட்டர் என்னிடம் இருக்கிறது. முக்கியமான ஃபைல்களை வேறொரு கம்பியூட்டரில் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.