முகவரி கேட்கும் அதிகாரம்

1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் ஒவ்வொரு இதழிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரையும் இடத்தையும் கேட்டது. எழுதியவர் யார் என்பதல்ல, யாரைப் பிடிப்பது என்பதே அதன் கேள்வி. 1908இல் சென்னையில் 'இந்தியா' இதழுக்காகச் சிறை போனவர் பதிவிலிருந்த சீனிவாசன். இதழை நடத்திய பாரதி புதுச்சேரி போய்விட்டார். தந்திரம்னு மட்டும் சொல்லி நகர முடியாது; ஒருவர் மறைய இன்னொருவரின் உடல் விலையானது.

இணையதளப் பெயர்ப் பதிவும் அதே படிவம்தான். ஆனால் பதிந்தவரின் வீட்டு முகவரியை உலகில் எவரும் பார்க்கலாம் என்றிருந்தது. 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுச் சட்டம் அமலான பிறகே டாட் காம் பெயர்களில் அது பரவலாக மறைக்கப்பட்டது. மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ வீட்டிலிருந்தே தளம் நடத்தும் பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்ல; மிரட்டல் தெருவிலிருந்தும் வரும். ஆனால் திரை தெருவுக்குத்தான். பதிவு நிறுவனத்திடம் பெயர் அப்படியே இருக்கிறது. அரசு கேட்டால் போய்விடும். சீனிவாசன்கள் இன்னும் படிவத்தில்தான் இருக்கிறார்கள்.