ஆடு உள்ளே... மேய்ப்பவர் வெளியே!

கார்த்திகை மாதத்தில் போடிநாயக்கனூருக்குப் போயிருக்கிறீர்களா? ஏலமலை மேகத்துக்குள் ஒளிந்திருக்கும். போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில் தோட்டத்து ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அடிவாரத்தில் மழை நசநசக்க, ஆட்டுக்குட்டிகள் மட்டும் கொடாப்புக்குள் சொகுசாக! அதாவது, கவிழ்த்துப் போட்ட பெரிய கூடைக்குள். ஈரத்தில் நின்றால் குட்டிக்குச் சளி பிடிக்குமே!

இது பாதுகாப்புக்கு. வெளியே விடாமல் தீனி போட்டுக் கறிக்காகக் கொழுக்க வைப்பது வேறு சமாச்சாரம். அந்தக் கதைக்கு இங்கிலாந்து போக வேண்டும்.

அங்கே குளிர்காலத்தில் புல் கிடையாது. ஆட்டுக்கு எதைப் போடுவது? 1730-ல் மந்திரி பதவியை விட்டுவிட்டு நார்ஃபோக் பண்ணைக்குத் திரும்பினார் டவுன்ஷெண்ட் பிரபு. கோதுமை, டர்னிப், பார்லி, கிளோவர் என்று மாற்றி மாற்றிப் பயிரிடும் முறையைப் பரப்பினார். (டர்னிப் அவர் கண்டுபிடிப்பல்ல. ஆனாலும் 'டர்னிப் டவுன்ஷெண்ட்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது!) பனிக்காலத்துக்கும் தீவனம் ரெடி. அடுத்து ராபர்ட் பேக்வெல் (1725–1795), சீக்கிரமே கொழுக்கும் லெஸ்டர் செம்மறியை உருவாக்கினார். கிடாக்களை வாடகைக்கு விட்டே காசு பார்த்தார் மனிதர்!

சரி, டர்னிப் வயலில் ஊர் ஆடெல்லாம் மேய்ந்தால்? வேலி போட்டாக வேண்டும். 18, 19-ம் நூற்றாண்டுகளில் பார்லிமெண்ட் ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டுப் பொது நிலங்களை அடைத்தது. நாலு ஆடு வைத்திருந்த ஏழை, கூலிக்குப் போனான்.

இப்போது போடிக்குத் திரும்புவோம். இங்கே வேலி, காட்டுச் சட்டமாக வந்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம். மலையில் மேய்க்க அரசாங்க அனுமதி வேண்டும் என்றானது. 2022 மார்ச்சில், இதே தேனி மாவட்டத்து மேகமலை மாடுகள் பற்றிய வழக்கில், தமிழகக் காடுகளில் மேய்ச்சலுக்கே தடை விதித்தது சென்னை உயர் நீதிமன்றம். சில நாட்களிலேயே அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது.

காடு பிழைக்க வேண்டும்தான். அதில் இரண்டு பேச்சில்லை. 'பரண் போட்டு வளர்த்துக்கொள்ளேன்' என்கிறோம். கிணறும் நாலு ஏக்கரும் இருப்பவருக்கு அது நல்ல தொழில். பசுந்தீவனம், கடலைக்கொடி, புண்ணாக்கு... பக்ரீத்துக்கு நல்ல விலை. ஆனால் நிலமே இல்லாமல், ஊர் ஊராக நடந்து, அடுத்தவர் வயலில் கிடை போட்டுக் கூலி வாங்கியே பிழைத்தவர் எதைத் தீவனமாகப் போடுவார்?

இங்கிலாந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே கொழுத்தது. நாம்?